முன்பாரம், பின்பாரம்: மலிவு ட்ரெய்லர் ஃபிரேமில் டியர்டிராப் கேம்பர்

அமெரிக்கக் கடைகளில் பிளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடி. ஹார்பர் ஃப்ரைட் மாதிரிக் கடைகளில் அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிற மடக்கு ட்ரெய்லர் ஃபிரேமும் 4 அடிக்கு 8 அடி. தரைக்கு ஒரு பலகை, பக்கச் சுவருக்குப் பக்கத்துக்கு ஒன்று என்று சேதாரம் அதிகமில்லாமல் வேலை முடியும். வீட்டு கேரேஜில் டியர்டிராப் கேம்பர் கட்டுகிறவர்கள் பலர் கடைசியில் இந்த ஃபிரேமுக்கே வந்து சேர்வதற்கு விலை ஒரு காரணம் என்றால், இந்த அளவுப் பொருத்தம் இன்னொரு காரணம். டியர்டிராப் என்பது காரின் பின்னால் இழுத்துப்போகிற சின்ன முகாம் வண்டி: உள்ளே இருவர் படுக்க ஒரு மெத்தை, பின்மூடியைத் தூக்கினால் ஒரு சமையல் மேடை, அவ்வளவே. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, பக்கவாட்டில் பார்த்தால் கண்ணீர்த்துளி போலிருக்கும். 1930களிலிருந்து அங்கே வீட்டிலேயே கட்டிக்கொள்கிற வண்டி இது.

மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டியோடு எம்.சி.ஓ. எனப்படும் தயாரிப்பாளர் சான்று வரும், ஃபிரேமில் வின் எனப்படும் வாகன அடையாள எண் பொறித்த தகடு இருக்கும். இந்த இரண்டும் கையில் இருந்தால் பதிவு அலுவலகத்தில் வேலை பெரும்பாலும் சுலபம். இரும்பு வாங்கிச் சொந்தமாகப் பற்றவைத்த ஃபிரேம் என்றால் பல மாநிலங்களில் ஆய்வு, எடைச் சீட்டு, புதிய எண் என்று அலைச்சல். ஆகவே சான்றைப் பெட்டியோடு குப்பையில் போட்டுவிடாதீர்கள். வின் தகட்டின் மேல் தரைப்பலகையோ பெயின்ட்டோ ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஃபிரேமைப் பற்றி. அட்டைப்பெட்டியைத் திறந்ததும் ‘சி’ வடிவ மெல்லிய இரும்புச் சேனல்கள், ஒரு பை நிறைய போல்ட்கள், மடக்குக் கீல்கள் எல்லாம் கிடக்கும். “இதன் மேலா வீடு கட்டுவது?” என்ற பயம் வரும். அந்தப் பயத்தில் சேனலுக்கு உள்ளே தடித்த ஆங்கிள், குறுக்கே நான்கு டியூப் என்று இரும்பைச் சேர்க்கத் தொடங்குவார்கள். எடை 100 பவுண்டு கூடும், பலன் அநேகமாக இல்லை. டியர்டிராப்பின் பக்கச் சுவர் முக்கால் அங்குல பிளைவுட். கிட்டத்தட்ட 4 அடி உயரம். தரையோடு பசையும் ஸ்க்ரூவும் போட்டு இணைத்துவிட்டால் அந்தச் சுவர்கள் இரண்டும் பெரிய உத்தரங்களாகிவிடும். 3 அங்குல சேனல் 4 அடி உயரச் சுவரைத் தாங்குவதாக நினைக்கிறோம். உண்மையில் சுவர்தான் சேனலை வளையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கேம்பர் பெட்டிக்கு அடியில் இருக்கும் ஃபிரேம் அப்படியே போதும்.

பெட்டிக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதிக்கு அந்தத் துணை கிடையாது. காரோடு இணைகிற அந்த நீட்டத்தை டங் என்பார்கள்; நம் மாட்டுவண்டியில் ஏர்க்கால் இருக்கும் இடம். மலிவு ஃபிரேமில் காசும் கவனமும் போகவேண்டிய இடங்கள் டங், சக்கரம், பேரிங், பாரத்தின் இருப்பு ஆகியவைதான்.

முதலில் பாரக் கணக்கு. அட்டைப்பெட்டியின் மேல் 1195 பவுண்டு, 1720 பவுண்டு என்று போட்டிருப்பது சரக்குக் கொள்ளளவு. வின் தகட்டில் இருப்பது ஃபிரேமும் சேர்ந்த மொத்த எடை வரம்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கேம்பரின் கட்டுமானம் முழுவதும் ‘சரக்கு’க் கணக்கில்தான் வரும். முக்கால் அங்குல பர்ச் பிளைவுட் ஒன்று சுமார் 70 பவுண்டு. தரை, இரண்டு சுவர் சேர்த்து 210. கூரைக்கு கால் அங்குலப் பலகை இரண்டு அடுக்கு, நடுவில் ரீப்பர், நுரைப்பலகை எல்லாம் சேர்த்து 110 வரும். வெளியே 0.040 அங்குல அலுமினியத் தகடு ஒன்று 18 பவுண்டு, ஐந்து தேவைப்பட்டால் 90. சமையல் அலமாரிகள் 60, பேட்டரி 55, மெத்தை 30, கதவு, கீல், ஜன்னல் சாமான் 30. இதுவே 585. இதற்கு மேல் கூலர், அடுப்பு, துணிமணி, 6 காலன் தண்ணீர் (அது மட்டும் 50 பவுண்டு) என்று 200 ஏறும். ஃபிரேமையும் சேர்த்தால் சாலையில் ஓடுவது 1,000 பவுண்டைத் தாண்டிய வண்டி. இந்தக் கணக்கைத் தாளில் போட்ட பிறகு ஃபிரேமைத் தேர்ந்தெடுங்கள். 1195 ஃபிரேம் தாங்கும்தான், ஆனால் கையில் மிச்சம் குறைவு; 1720 ஃபிரேமில் மூச்சுவிட இடம் இருக்கிறது. கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே கேம்ப் ட்ரெய்லரின் மொத்த எடை 1,500 பவுண்டை எட்டினால் பிரேக் கட்டாயம். இந்த ஃபிரேம்களில் பிரேக் வராது.

அடுத்தது பாரம் எங்கே உட்காருகிறது என்பது. மாட்டுவண்டி ஓடிய ஊர்க்காரர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு நடக்கத் திணறும். ட்ரெய்லரிலும் அதே கதைதான், வேகம் மட்டும் பத்து மடங்கு. டங்கின் முனையில், காரின் பின்னாலுள்ள இரும்புப் பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும் பிடிதான் கப்ளர். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தக் கப்ளரின் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் 55 மைல் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கி, காரின் பின்பக்கத்தையே ஆட்டிவிடும். டியர்டிராப்பில் சமையலறை பின்னால் இருப்பதால் பின்பாரத்துக்கான வாய்ப்பு வடிவத்திலேயே இருக்கிறது.

கணக்கு எளிது. மொத்த எடையை, பாரத்தின் மையம் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அந்தத் தூரத்தால் பெருக்கி, அச்சிலிருந்து பந்து வரையுள்ள தூரத்தால் வகுத்தால் டங்கின் எடை. 1,000 பவுண்டு வண்டி, அச்சுக்கும் பந்துக்கும் 96 அங்குலம், தேவை 120 பவுண்டு என்றால், பாரத்தின் மையம் அச்சுக்கு பதினொன்றரை அங்குலம் முன்னால் இருக்க வேண்டும். அச்சுக்கு 36 அங்குலம் பின்னால் சமையலறையில் 100 பவுண்டு சாமான் வைத்தால் டங்கிலிருந்து 37 பவுண்டு போய்விடும். தண்ணீர் கேனை அங்கிருந்து எடுத்து டங்கின் மேல் வைக்கும் சாமான் பெட்டிக்கு மாற்றினால் அதே 50 பவுண்டு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். பேட்டரியை முன்னால் வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

தரையை போல்ட் போடுமுன் ஒத்திகை பார்த்துவிடுங்கள். தரைப்பலகையைச் சும்மா வைத்து, 80 பவுண்டு கான்கிரீட் மூட்டைகளைச் சுவர், அலமாரி, கூலர் வரும் இடங்களில் அடுக்குங்கள். ட்ரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், கப்ளர் காரின் பந்து உயரத்தில் இருக்க வேண்டும். அதன் அடியில் ஒரு கட்டை, கட்டைக்கு அடியில் குளியலறை எடை மெஷின். மெஷினின் வரம்பைத் தாண்டும் என்று தோன்றினால் ஒரு பலகையைப் போடுங்கள்: ஒரு முனை செங்கல்லின் மேல், மறுமுனை மெஷின் மேல், இரண்டுக்கும் நடுவே 3 அடி. செங்கல்லிலிருந்து 1 அடியில் கப்ளரை இறக்கி, பலகையின் எடையைக் கழித்துவிட்டு, மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். குறைவாக வந்தால் இப்போதே தெரிந்துவிடும். அச்சின் ஸ்பிரிங்குகளை ஃபிரேமோடு பிடிக்கும் தொங்கிகளைப் பின்னுக்கு நகர்த்தி அச்சை இடம் மாற்றுவது இந்த நிலையில் ஒரு மத்தியான வேலை. மேலே பெட்டி ஏறிவிட்டால் அது வேறு கதை. 8 அடி ஃபிரேமில் 10 அடிப் பெட்டி ஆசை வந்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: கூடுதல் நீளம் பெரும்பாலும் பின்னால்தான் போகும், அச்சும் கூடவே போயாக வேண்டும்.

டங். அட்டைப்பெட்டியில் வரும் டங் பல ஃபிரேம்களில் குட்டை. குட்டை டங் ரிவர்ஸ் எடுக்கும்போது சட்டென்று மடங்கிக் காரின் பம்பரில் முட்டும். முன்னால் சாமான் பெட்டி வைக்கவும் இடம் போதாது. நீட்டுகிறவர்கள் எந்த டியூப் போடுவது என்பதில் கண்ணளவில் முடிவெடுக்கக் கூடாது. டங்கின் மேல் 150 பவுண்டு, பந்திலிருந்து முதல் குறுக்குச் சட்டம் வரை 48 அங்குலம் என்று வையுங்கள். வளைக்கும் விசை 7,200 பவுண்டு-அங்குலம். பள்ளத்தில் விழும்போது மூன்று மடங்கு என்று எடுத்தால் 21,600. 2க்கு 2 அங்குல, 1/8 அங்குலத் தடிப்பு டியூபில் இது சதுர அங்குலத்துக்கு 39,000 பவுண்டு அழுத்தமாகிறது. அங்கே கிடைக்கும் ஏ500 வகைக் கட்டுமான டியூப் வளைந்துவிடும் எல்லை 46,000. போல்ட் துளை ஒன்று தப்பான இடத்தில் விழுந்தால் போதும், எல்லை தாண்டும். அதே டியூபை 3/16 தடிப்பில் எடுத்தால் 28,700. 2க்கு 3 அங்குலம், 3/16 தடிப்பு, 3 அங்குலப் பக்கத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் 15,800தான். அடிக்கு ஒன்றேகால் பவுண்டு எடை கூடுகிறது, அவ்வளவே. இந்த ஒன்றில் கஞ்சத்தனம் வேண்டாம்.

டியூபின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் துளை போடாதீர்கள். இழுவையும் அழுத்தமும் உச்சமாக இருப்பது அங்கேதான். பக்கவாட்டில், நடு உயரத்தில் போடுங்கள். அரை அங்குல கிரேடு 5 போல்ட் செல்லும் இடத்தில் டியூபுக்குள் ஒரு இரும்புக் குழாய்த் துண்டைச் செருகினால் இறுக்கும்போது டியூப் நசுங்காது. புது டங் முதல் குறுக்குச் சட்டத்தோடு நின்றுவிடாமல் இரண்டாவது குறுக்குச் சட்டம் வரை அடியில் ஓட வேண்டும். ஃபிரேமோடு வந்த சாய்வுக் கைகளையும் கழற்ற வேண்டாம். பக்கவாட்டு ஆட்டத்தை அவைதான் அடக்கும். வெல்டிங் செய்வதென்றால் சேனலின் நடுச்சுவரில் செங்குத்தாக வையுங்கள். கீழ் உதட்டில் குறுக்கே வெல்டிங் ஓட்டினால் மெல்லிய இரும்பு அந்தக் கோட்டில்தான் பின்னாளில் விரிசல் விடும். எங்கள் கருத்தில் இந்த ஃபிரேமுக்கு போல்ட்டே போதும், வெல்டிங் தேவையில்லை.

கப்ளர் அளவைப் பாருங்கள். இந்த ஃபிரேம்களில் 1⅞ அங்குல கப்ளர் வருவது சகஜம். காரில் ஏற்கெனவே மாட்டியிருப்பது 2 அங்குலப் பந்தாக இருக்கலாம். 1⅞ கப்ளர் 2 அங்குலப் பந்தில் உட்காராது, அதனால் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். தலைகீழாக 2 அங்குல கப்ளரை 1⅞ பந்தில் மாட்டினால் பூட்டிக்கொண்டதுபோல் இருந்து, வேகத்தடையில் குதித்துக் கழன்றுவிடும். கப்ளரை 2 அங்குலத்துக்கு மாற்றினால், கார் பந்தையும் அன்றே மாற்றி, பழைய பந்தை வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் டங்கின் அடியில் பெருக்கல் குறிபோலக் குறுக்கிட்டுப் போக வேண்டும். கப்ளர் கழன்றால் டங் தரையைக் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும்.

ஃபிரேமைக் கோக்கும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கைவிரலால் மட்டும் திருகி வையுங்கள். சமதளத்தில் வைத்து மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, வித்தியாசம் 1/8 அங்குலத்துக்குள் வந்த பிறகுதான் ஸ்பானர். பிறகு பந்து உட்காரும் மையத்திலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் அளவெடுங்கள். அதுவும் 1/8 அங்குலத்துக்குள் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி நண்டுபோல் சாய்ந்து ஓடி, டயரை ஒருபக்கமாகத் தேய்க்கும். மடக்குக் கீல், அதற்கான சிறு உருளைச் சக்கரங்கள் எல்லாம் கேம்பருக்கு வேண்டாம், மாட்டாமலேயே விட்டுவிடுங்கள். இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் சேனலுக்குள் 2 அடி நீள ஆங்கிள் ஒன்றை வைத்து, இருபுறமும் 3/8 போல்ட் நான்கு நான்காக இறுக்கினால் நிலையாகிவிடும். எங்கும் நைலாக் நட், அதாவது தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் கொண்ட நட்.

சக்கரத்தில் 8 அங்குல ரிம் வேண்டாம். 60 மைல் வேகத்தில் காரின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 775 சுற்று சுற்றும். 12 அங்குல ரிம் சக்கரம் 980, 8 அங்குல ரிம் 1,250க்கும் மேல். பேரிங் சூடாவதற்கு அதுவே போதும். டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள்: 4.80-12 பி வகை 60 பிஎஸ்ஐயில் 780 பவுண்டு, சி வகை 90 பிஎஸ்ஐயில் 990 பவுண்டு தாங்கும். 5.30-12 சி வகை 80 பிஎஸ்ஐயில் 1,045. இந்த எண்கள் அந்தக் காற்றழுத்தத்துக்கு மட்டும்தான். காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும், டயர் சூடாகிக் கிழியும். இந்த அளவு டயர் சாலையோரக் கடைகளில் கிடைப்பது அரிது, ஆகவே ரிம்மோடு ஒரு ஸ்டெப்னி முதல் நாளே வாங்கிவிடுங்கள். காரின் ஜாக்கி ட்ரெய்லர் சேனலுக்குப் பொருந்துகிறதா என்பதை வீட்டு வாசலில் சோதியுங்கள்.

பேரிங்கில் வரும் கிரீஸ் பல சமயம் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியது, ஓட்டத்துக்குப் போதாது. ஹப்பைக் கழற்றி, மண்ணெண்ணெய்க் கழுவலில் முழுவதும் எடுத்து, லித்தியம் காம்ப்ளக்ஸ் கிரீஸை (என்எல்ஜிஐ 2 என்ற கெட்டித்தன்மைத் தரம்) உருளைகளுக்கு நடுவே மறுபுறம் பிதுங்கி வரும்வரை அழுத்தி ஏற்றுங்கள். மாட்டும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் மீண்டும் இறுக்கி, அருகிலுள்ள துளையில் புது ஸ்ப்ளிட் பின். மாட்டுவண்டிக்குக் கடையாணி போலத்தான் இது. வளைத்து நிமிர்த்திய பழைய பின்னை மறுபடி போடக் கூடாது. 1 அங்குலத் தண்டுக்குப் பெரும்பாலும் எல்44643 பேரிங் வரும் என்றாலும், மாற்று வாங்குமுன் உங்களுடையதில் பொறித்த எண்ணைப் பாருங்கள். ஒரு செட் பேரிங்கும் சீலும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றினால் போதும்.

பட்டைகளை அடுக்கிச் செய்த லீஃப் ஸ்பிரிங் முழுக் கொள்ளளவுக்கானது. 1720 ஃபிரேமில் 800 பவுண்டு கேம்பர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அசையவே அசையாது. பாத்திரங்கள் அலமாரியில் குதிக்கும், ஸ்க்ரூக்கள் தளரும். ஒரு பட்டையைக் கழற்றுவது வழக்கத்தில் இருக்கிறது. பயணத்துக்கு ஏற்றிய நிலையில் எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்த பிறகு செய்யுங்கள். பட்டையோடு கொள்ளளவும் குறைகிறது என்பது நினைவில் இருக்கட்டும். 1195 ஃபிரேமில் கை வைக்கவே வேண்டாம்.

வயரிங்கில் தொல்லை பெரும்பாலும் எர்த்தில்தான் வரும். வெள்ளை வயரை டங்கில் ஒரு ஸ்க்ரூவில் கட்டிவிட்டு, ஃபிரேம் வழியே மின்சாரம் திரும்பும் என்று விட்டுவிடுவார்கள். பவுடர் கோட்டிங் பூசிய போல்ட் இணைப்புகள் வழியே அது நம்பகமாகத் திரும்பாது. இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டும் மங்கலாக எரியும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுங்கள். பழுப்பு பார்க் விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. கிட்டில் வரும் கடித்துப் பிடிக்கும் கனெக்டர்களைத் தூக்கிப் போட்டு, சூடுபட்டால் சுருங்கும் உறை கொண்டவற்றைப் போடுங்கள். வயரிங், பெயின்ட் சுரண்டிய இடங்களுக்கு மேல்பூச்சு இரண்டையும் தரை ஏறுமுன் முடிக்க வேண்டும். பிறகு கை போகாது.

தரைப்பலகையின் அடிமுகத்துக்கும், முக்கியமாக நான்கு விளிம்புகளுக்கும், போல்ட் துளைகளின் உட்சுவருக்கும் தார் கலந்த கூரைப்பூச்சை இரண்டு கைப்பூச்சு கொடுங்கள். பிளைவுட் முகத்தில் அழுகுவதைவிட விளிம்பில் அழுகுவதே அதிகம். சேனலின் மேல் நுரை டேப் ஒட்டி, 3/8 கேரியேஜ் போல்ட் எட்டு, அகல வாஷரோடு இறுக்கினால் தரை நிற்கும்.

பெட்டி கட்டுமுன் வெறும் ஃபிரேமில் தரையைப் போட்டு, மிச்ச பிளைவுட்டை அதிலேயே ஏற்றி வாருங்கள். 10 மைல், 25 மைல், 50 மைலில் நின்று வீல் நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் சோதியுங்கள்; புது ரிம்மில் பெயின்ட் நசுங்கி நட் தளர்வது சாதாரணம். அதே நிறுத்தங்களில் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் அந்தப் பக்கத்து நட் இறுக்கம் கூடிவிட்டது, அல்லது கிரீஸ் உள்ளே போகவில்லை. 100 மைல் ஆனதும் ஃபிரேமின் எல்லா போல்ட்டிலும் ஒருமுறை ஸ்பானர் வைத்து, ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் சேனல் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த தடவை குனிந்து பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் எந்த போல்ட் திரும்பியிருக்கிறது என்று உடனே தெரியும்.